எண்ணெய் பச்சையாக இருந்தால் போதுமா?

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"என் அப்பம்மா யாழ்ப்பாணத்தில் புண்ணெண்ணெய் காய்ச்சுவார். வல்லாரை ஒரு பிடி, கிணற்றடிப்பூண்டு ஒரு பிடி, வேப்பங்கொழுந்து, மஞ்சள், தேங்காயெண்ணெய். எண்ணெய் நல்ல கரும்பச்சையாக வரும், சத்து முழுக்க இறங்கியிருக்கிறது. அவரிடம் பழகி நானும் இங்கே காய்ச்சி அக்கம்பக்கத்தில் கொடுக்கிறேன். வெட்டுக்காயம், எரிகாயம் எல்லாம் ஆறுகிறது. கிராண்ட்பாஸில் சீனி வருத்தம் உள்ள ஒரு ஐயாவுக்கு உள்ளங்காலில் புண். இரண்டு மாதமாக இதைத்தான் போடுகிறார், கொஞ்சம் சுருங்கியது போல இருக்கிறது. இதைக் களிம்பாக்கி ரியூபில் அடைத்து விற்கலாம் என்கிறான் மகன். யாராவது களவெடுக்குமுன் காப்புரிமை எடுக்க வேண்டுமாம். எங்கிருந்து தொடங்குவது?"

அன்புள்ள சகோதரிக்கு,

களிம்பைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அந்த ஐயாதான் கண்முன் வருகிறார். அவரிலிருந்தே தொடங்குகிறேன். தயவுசெய்து இன்றே அவருடைய வீட்டுக்கு ஒரு கோல் எடுங்கள். எண்ணெயை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் காலைக் காட்டச் சொல்லுங்கள். கிராண்ட்பாஸிலிருந்து தேசிய வைத்தியசாலை தூரமில்லை.

சீனி வருத்தக்காரரின் உள்ளங்கால் புண் மற்றப் புண்களைப் போன்றதல்ல. நரம்பு மரத்துப்போயிருப்பதால் வலி தெரியாது. வலி தெரியாததால் அந்தப் புண்ணின் மேலேயே நடப்பார். ஒவ்வொரு அடிக்கும் உடம்பின் பாரம் அங்கேதான் இறங்கும். பல பேருக்கு ரத்தக் குழாயும் ஒடுங்கியிருக்கும். புண் ஆறத் தேவையான ரத்தம் அங்கே போய்ச் சேராது. அதற்கு முதல் மருந்து பாரத்தை எடுப்பதுதான். தனிச் செருப்போ கட்டோ வைத்தியர் கொடுப்பார். செத்த தசையை வெட்டித் துப்புரவாக்க வேண்டும், ரத்த ஓட்டம் பார்க்க வேண்டும், கிருமி எலும்பு வரை போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த வேலைகளில் ஒன்றையும் எந்த இலையும் செய்யாது. மேலே தோல் மூடுவது போலத் தெரியும்போதே உள்ளே சீழ் கட்டிக்கொண்டு போகலாம். முறையான சிகிச்சை தொடங்கி நான்கு வாரத்தில் புண்ணின் பரப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறையாவிட்டால், அதே வழியில் அது ஆறுவது கடினம் என்று எடுத்துக்கொண்டு வைத்தியர்கள் சிகிச்சையை மாற்றி யோசிப்பார்கள். உங்கள் ஐயாவுக்கு இரண்டு மாதம் போய்விட்டது. இன்னும் "சுருங்கியது போல" என்ற இடத்தில்தான் நிற்கிறது.

என் பெரியப்பாவுக்கும் இப்படித்தான் நடந்தது. செருப்புக்குள் கிடந்த சின்னக் கல் காலை அறுத்தது அவருக்குத் தெரியவில்லை. பத்து நாள் பச்சிலை அரைத்துக் கட்டினோம். அரைத்துக் கொடுத்தவன் நான்தான். அப்போது மருந்தாக்கப் படிப்பில் இரண்டாம் வருடம். காய்ச்சல் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரண்டு விரல் போய்விட்டது. இலை அவருக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. நாங்கள் அந்த இலையை நம்பிக் கழித்த பத்து நாள்தான் செய்தது. அதனால்தான் உங்கள் கடிதத்தில் அந்த ஒரு வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

சரி, இனி எண்ணெய்க்கு வருவோம்.

உங்கள் எண்ணெய் போட்டவர்களுக்குப் புண் ஆறுகிறது என்பதை நான் நம்புகிறேன். ஆற்றியது எது என்பதுதான் என் கேள்வி. சின்ன வெட்டுக்காயம் எதுவும் போடாவிட்டாலும் ஆறும். ரத்தம் உறைந்து, அந்த இடம் சிவந்து வீங்கி, வெள்ளணுக்கள் வந்து குப்பையை அள்ளி, பிறகு புதுத் தசை முளைத்து, ஓரத்திலிருந்து தோல் நகர்ந்து வந்து மூடும். உடம்பே இதைச் செய்துகொள்ளும். நாம் போடும் மருந்து அந்த வேலையைக் கொஞ்சம் சுலபமாக்கலாம், அல்லது கெடுக்கலாம்.

புண்ணைக் காய விட்டுப் பொருக்குத் தட்ட வைப்பதுதான் நல்லது என்று எங்கள் வீடுகளில் சொல்வார்கள். வைத்தியர்களும் வெகுகாலம் அப்படித்தான் நம்பினார்கள். 1962இல் ஜோர்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர் பன்றித் தோலில் சிறு காயங்களை உண்டாக்கி, சிலதைக் காற்றில் காய விட்டார், சிலதை மெல்லிய பொலித்தீனால் மூடி ஈரம் போகாமல் வைத்தார். மூடிய காயங்களில் தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாக மூடியது. அதில் மருந்தே இல்லை, ஈரம் மட்டுந்தான். இன்றைக்கு ஆஸ்பத்திரிகளில் போடும் விதவிதமான காயக் கட்டுகளுக்கெல்லாம் அடிப்படை அந்தச் சின்னச் சோதனைதான்.

இப்போது உங்கள் போத்தலை யோசித்துப் பாருங்கள். தேங்காயெண்ணெய் பூசி மேலே துணி கட்டினால் அந்தக் காயத்திலும் ஈரம் நிற்கும். துணி ஒட்டாது, அவிழ்க்கும்போது புதுத்தோல் பிய்ந்து வராது. அப்படியென்றால் வெறும் தேங்காயெண்ணெயே பாதி வேலையைச் செய்திருக்கலாம். முழுவதையுமே செய்திருக்கவும் கூடும். மூலிகைக் களிம்பு உருவாக்க வருகிற எவரிடமும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இலை போடாமல், அதே எண்ணெயை, அதே நேரம், அதே தீயில் காய்ச்சி ஒரு போத்தல் வைத்திருக்கிறீர்களா? இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தால்தான் இலையின் பங்கு தெரியும். அந்த ஒப்பீட்டை அயலவர்களின் காயத்தில் நீங்களே செய்து பார்க்க வேண்டாம். அது ஆய்வுகூடத்திலும், பிறகு ஒழுக்கவியல் குழுவின் அனுமதி பெற்ற சோதனையிலும் நடக்க வேண்டியது. ஆனால் அந்த இரண்டாவது போத்தலைக் காய்ச்சத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

அடுத்து நிறம். உங்கள் கடிதத்தில் "எண்ணெய் நல்ல கரும்பச்சையாக வரும், சத்து முழுக்க இறங்கியிருக்கிறது" என்று ஒரு வரி இருந்தது. இதை வைத்தியர் குடும்பத்துப் பிள்ளைகளே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். பச்சை நிறம் இலையின் பச்சையம். அது எண்ணெயில் சுகமாகக் கரையும். வல்லாரையில் புண்ணுக்கு உதவுவதாக அதிகம் ஆராயப்பட்ட பொருள்கள் அசியாட்டிகோசைட், மடிகாசோசைட் என்பவை. தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தைச் சுரக்கும் செல்களைத் தூண்டுவதால் அவை பேர்பெற்றவை. அவற்றின் மூலக்கூறில் சர்க்கரைத் துண்டுகள் ஒட்டியிருப்பதால் தண்ணீரோடும் மதுசாரத்தோடும்தான் சேரும். எண்ணெயை அவ்வளவாக விரும்பாது. ஆகவே கரும்பச்சையாக ஒளிரும் எண்ணெயில் இந்த இரண்டும் மிகக் குறைவாக இருக்கலாம். மஞ்சளில் கதை வேறு. அதன் மஞ்சள் நிறப் பொருளான குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் ஓரளவு கரையும், ஆனால் வெளிச்சம் பட்டால் சிதையும். கண்ணாடிப் போத்தலை யன்னலோரத்தில் வைத்திருந்தீர்களானால், தயவுசெய்து உள்ளே எடுத்து வையுங்கள்.

இங்கே உங்களிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டும். எண்ணெயை வடித்த பிறகு அடியில் நிற்கும் கறுப்பு மண்டியை அப்பம்மா என்ன செய்தார்? கொட்டினாரா, புண்ணில் வைத்துக் கட்டினாரா? நான் கண்ட சில பரம்பரை வைத்தியர்கள் புண்ணுக்கு மண்டியைத்தான் எடுப்பார்கள், எண்ணெயைச் சுற்றிவரப் பூசுவார்கள். எண்ணெயில் கரையாதது அந்த மண்டியில்தான் நிற்கும். அப்பம்மாவின் கைக்குத் தெரிந்தது நீங்கள் எழுதிய குறிப்பில் விடுபட்டிருக்கலாம். அவரோடு பழகிய வேறு யாராவது ஊரில் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

வல்லாரையின் பலன் களிம்பில் உண்மையாகவே இருக்க வேண்டுமானால், காய்ந்த இலையை மதுசாரமும் தண்ணீரும் கலந்து ஊறவைத்து, வடித்து, வற்றவைத்து, அந்தச் சாறில் அசியாட்டிகோசைட் எவ்வளவு என்று அளந்து, பிறகு அடிக்களிம்பில் கலக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் அதே அளவு வரும்படி. நுகேகொடைச் சந்தையில் வாங்கிய வல்லாரையும் மலைப்பக்கத்து வல்லாரையும் ஒரே அளவு தராது. மண்ணுக்கும் மழைக்கும் ஏற்ப மாறும். வல்லாரைக்கு இன்னொரு குணமும் உண்டு. கழிவு ஓடும் கால்வாய்க்கரையில் வளர்ந்தால் ஈயம், கட்மியம் போன்ற பார உலோகங்களை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கொழும்பைச் சுற்றியுள்ள ஈரநிலங்களில் எது எங்கே வளர்ந்தது என்று கீரை விற்பவருக்கே தெரியாது. உங்கள் வளவில் ஒரு பாத்தி போட இடமிருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் ஒரே ஆளிடம் தொடர்ந்து வாங்குங்கள். புறக்கோட்டை கபோஸ் லேன் கடைகளில் காய்ந்த சரக்கு வாங்கும்போது பூவோடும் வேரோடும் ஒரு முழுச் செடியைக் கேட்டு வாங்கிக் காய வைத்து எடுத்து வையுங்கள். பேராதனைப் பூங்காவில் இருக்கும் தேசிய உலர்தாவரகத்தில் அதைக் காட்டிப் பெயரை உறுதிப்படுத்தலாம். பெயர் மாறினால் பிறகு செய்யும் சோதனை எல்லாம் வீண்.

இனி நான் அதிகம் பயப்படும் விஷயம், கிருமி. உடையாத தோலில் பூசும் மருந்துக்கே கடுமையான எல்லை இருக்கிறது: ஒரு கிராமில் பக்டீரியா 100 அளவுக்கு மேல் கூடாது, பூஞ்சணம் 10 அளவுக்கு மேல் கூடாது. புண்ணில் சீழ் உண்டாக்கும் ஸ்டஃபைலோகொக்கஸ் ஓரியஸும் சூடோமோனாஸ் ஏருஜினோசாவும் அறவே இருக்கக் கூடாது. பெரிய காயத்தில், வெந்த தோலில் போடுவதானால் அது முழுக்கக் கிருமி நீக்கப்பட்டதாகவே இருக்க வேண்டும். தேனை எடுத்துக்கொள்ளுங்கள். புண்ணுக்கு அது நல்லதுதான். அமிலத்தன்மை, கிருமியின் தண்ணீரை உறிஞ்சும் குணம், ஹைட்ரஜன் பெரொக்சைட் சுரக்கும் நொதியம் எல்லாம் அதில் உண்டு. ஆனாலும் ஆஸ்பத்திரிகளில் காயத்துக்கென்று வைத்திருக்கும் தேன் காமாக் கதிர் பாய்ச்சியது, ஏனென்றால் தேனுக்குள் சில பக்டீரியாக்களின் வித்துகள் உறங்கிக் கிடக்கும். சூடாக்கினால் நொதியம் செத்துவிடும், அதனால்தான் கதிர்.

உங்கள் எண்ணெயில் தண்ணீர் இல்லாதவரை கிருமி வளர்வது கடினம். அதனால்தான் பெரியவர்கள் பதம் பார்த்தார்கள். சடசடப்பு அடங்கி, மண்டியைத் திரியில் தடவிக் கொளுத்தினால் சத்தமில்லாமல் எரிய வேண்டும் என்பது தண்ணீர் மிச்சமில்லை என்று பார்க்கும் சோதனைதான். மகன் சொல்கிறபடி ரியூபில் அடைக்க என்று வெள்ளைக் கிரீமாக்கினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். கிரீம் என்றால் தண்ணீர். தண்ணீர் என்றால் கிருமி வளராமல் தடுக்கும் பதனப்பொருள் வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வல்லாரைச் சாறு சேர்த்து ஒரு கிரீம் செய்தேன். பார்க்க அழகாக இருந்தது. இலைச்சாறில் எவ்வளவு கிருமி வரும் என்று கணக்குப் பார்க்காமல் பதனப்பொருளைக் குறைத்துப் போட்டிருந்தேன். மூன்று வாரத்தில் மூடியைத் திறந்தால் ஓரமெல்லாம் சாம்பல் பூத்திருந்தது. அதை யாரும் பூசவில்லை, நல்ல காலம். அன்றிலிருந்து திறந்த காயத்துக்கு வீட்டில் கிரீம் செய்வதாக யார் சொன்னாலும் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

களிம்பாகவே வேண்டுமென்றால் தேன்மெழுகுதான் வழி. தேங்காயெண்ணெய் 24 பாகை அளவிலேயே உருகிவிடும். நுவரெலியாவில் உறையும், கொழும்பில் பெரும்பாலும் தண்ணீர்போலத்தான் நிற்கும். தேன்மெழுகு உருக 60 பாகைக்கு மேல் வேண்டும். ஒரு பங்கு மெழுகுக்கு ஆறு பங்கு எண்ணெய் என்பது பழைய அளவு, அதில் தொடங்கலாம். பிறகு 40 பாகைச் சூட்டிலும் 75 வீத ஈரப்பதத்திலும் ஆறு மாதம் வைத்து, எண்ணெய் பிரிகிறதா, சிக்கு வாடை வருகிறதா, மருந்துப் பொருள் குறைகிறதா என்று பார்ப்பார்கள். அந்தப் பரிசோதனை இல்லாமல் ரியூபில் காலாவதித் திகதி அச்சடிக்க முடியாது.

நான்கு மூலிகையும் வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். ஐரோப்பாவில் 2016இல் காயத்துக்கென்று அனுமதி பெற்ற ஒரு மூலிகைக் களிம்பில் இருப்பது இரண்டே பொருள்: பேர்ச் என்ற மரத்தின் பட்டைச் சாறு, சூரியகாந்தி எண்ணெய். அதே களிம்பு 2022இல், தொட்டாலே தோல் கொப்பளித்து உரிகிற ஒரு பரம்பரை நோயின் புண்களுக்கும் அனுமதி பெற்றது. பொருள் குறைந்தால் அளப்பது சுலபம், ஒவ்வாமை வந்தால் எதனால் என்று கண்டுபிடிப்பதும் சுலபம். வல்லாரை, மஞ்சள் இரண்டுமே சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் கொடுக்கும். நானாக இருந்தால் வல்லாரையை மட்டும் வைத்துக்கொண்டு தொடங்குவேன். அப்பம்மாவின் கலவையை உடைக்க மனம் வராது என்பது தெரிகிறது. முழுக் கலவையைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது எங்கும் போகாது.

ஆய்வுகூடத்தில் முதலில் தட்டில் வளர்த்த தோல் செல்களைக் கீறி, கீறல் மூடும் வேகம் பார்ப்பார்கள். அப்புறம் எலி. "எலியில் இத்தனை நாளில் ஆறியது" என்ற செய்தியைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். எலியின் தோலுக்கடியில் ஒரு மெல்லிய தசை உண்டு, அது காயத்தைச் சுருக்குப்பை போல இழுத்து மூடிவிடும். நமக்கு அப்படி இல்லை, ஓரத்திலிருந்து தோல் வளர்ந்துதான் மூட வேண்டும். எலியில் வென்று மனிதரில் தோற்ற மருந்துகள் உண்டு. மனிதரில் சோதிக்கும் கட்டம் வந்தால், இலங்கை மருத்துவச் சங்கம் நடத்தும் மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்.

இதை எல்லாம் நீங்கள் தனியாகச் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். உங்களுடையது சித்த மரபு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவ ஆசிரியர்களும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் இருப்பவர்களும் அப்பம்மாவின் குறிப்பைத் தமிழிலேயே வாசித்துப் புரிந்துகொள்வார்கள். கொழும்பிலேயே என்றால் ராஜகிரியவில் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சுதேச மருத்துவப் பிரிவு இருக்கிறது. சோதனைகளுக்குக் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகத்தைக் கேட்கலாம். விற்பனை என்று வந்தால் 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் சித்தத்துக்கும் பொருந்தும். மஹரகம நாவின்னையில் உள்ள ஆயுர்வேதத் திணைக்களத்தில் செய்முறைக்கும் தயாரிப்புக்கும் அனுமதி எடுக்க வேண்டும். சாறிலிருந்து ஒரு தனிப் பொருளைப் பிரித்தெடுத்து நவீன மருந்தாக்க நினைத்தால், கதவு வேறு: தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை.

மகனின் பயத்துக்கு ஒரு பதில். அமெரிக்காவில் 1995இல் மஞ்சளைப் பூசிக் காயம் ஆற்றுவதற்கே ஒரு காப்புரிமை கொடுத்தார்கள். இந்தியாவின் அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் ஆதாரமாக வைத்து எதிர்த்தது. 1997இல் அது ரத்தானது, ஏனென்றால் அதில் புதிதாக ஒன்றுமில்லை. அந்தத் தீர்ப்பு மகனுக்கு இரண்டு விதத்தில் பொருந்தும். அப்பம்மாவின் எண்ணெயை வேறொருவர் தன்னுடையது என்று சொல்ல முடியாதபடி காப்பது, அது பழையது என்பதற்கான எழுத்துச் சாட்சி. அதே காரணத்தால் அந்த எண்ணெய்க்கு நீங்களும் காப்புரிமை எடுக்க முடியாது. நீங்கள் புதிதாகக் கண்டுபிடிக்கும் சாறெடுக்கும் முறைக்கோ, களிம்பின் அடிக்கோ கேட்கலாம். அதையும் வெளியே சொல்வதற்கு முன் கேட்க வேண்டும். அதுவரை முகநூலில் செய்முறை வீடியோ போட வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள்.

இப்போதைக்கு அயலில் கொடுப்பதைச் சின்னக் கீறல், உராய்வோடு நிறுத்துங்கள். எரிகாயம் என்றால் முதலில் இருபது நிமிடம் ஓடும் தண்ணீர். புதிதாக வெந்த தோலில் எண்ணெய் கூடாது. துரு, மண் பட்ட காயமென்றால் ஏற்பு ஊசிக்கு அனுப்புங்கள். ஆழமான வெட்டு, நாய்க்கடி, சீழ் எதற்கும் கொடுக்க வேண்டாம்.

அடுத்த முறை காய்ச்சும்போது சமையல் தராசை அடுப்புக்குப் பக்கத்தில் வையுங்கள். அப்பம்மாவின் "ஒரு பிடி"யை உங்கள் கையால் ஐந்து தடவை அள்ளி ஐந்து தடவையும் நிறுத்து எழுதுங்கள். எண்ணெய் எத்தனை மில்லிலீற்றர், எவ்வளவு நேரம், கடைசியில் எவ்வளவு கிடைத்தது எல்லாம் குறித்து அனுப்புங்கள். மண்டியைக் கொட்டாமல் ஒரு போத்தலில் போட்டு வையுங்கள். அந்த ஐயாவின் காலைப் பார்த்துவிட்டு வைத்தியர் என்ன சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.